ஊதா நிறம் காட்டும் தண்ணீர்

கார நீர் மோகம் கடையநல்லூர் வரை வந்துவிட்டது. விற்க வருபவர் இரண்டு தம்ளர் வைக்கிறார்; ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் அவர் இயந்திரத்துத் தண்ணீர். நிறங்காட்டிச் சொட்டு விட்டதும் முதலாவது மஞ்சளாகிறது, இரண்டாவது ஊதாவாகிறது. உடம்பிலுள்ள அமிலமெல்லாம் இறங்கிவிடும் என்கிறார். வேதியியல் படித்தவர்களே இதற்கு வக்காலத்து வாங்குவதுதான் பொறுக்கவில்லை.

கலர் சோடா குடிப்பவர் தண்ணீருக்கு மாறினால் நல்லதுதான். எலுமிச்சையிலுள்ள சிட்ரேட் உடலுக்குள் பைகார்பனேட்டாக, அதாவது காரமாக, மாறுவதும் உண்மை; சிலவகைச் சிறுநீரகக் கற்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட் தருகிறார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் வழக்கே இல்லை.

வழக்கு அந்தச் சொட்டோடுதான். நிறம் சொல்வது பிஎச் எண்ணை மட்டும். அமிலமோ காரமோ மொத்தச் சரக்கு எவ்வளவு என்பதை அல்ல. புளியங்குடிச் சந்தை எலுமிச்சையைப் பிழிந்தால் பிஎச் ஏறக்குறைய 2.3. அதே 2.3 காட்டும்படி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீர்க்க வையுங்கள். இரண்டுக்கும் நிறம் ஒன்றே. ஆனால் சாற்றை முழுக்க நடுநிலையாக்க, நூறு மடங்குக்கும் மேல் காரம் ஊற்ற வேண்டும். சிட்ரிக் அமிலம் வலிமை குறைந்தது. பெரும்பகுதி பிரியாமல் உள்ளே காத்திருக்கிறது.

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு கொஞ்சம் கரைந்தாலே மஞ்சளாகிவிடும். ஊதாவுக்கும் இப்படிக் கொஞ்சம் சரக்கே போதும். பிஎச் 9.5 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரின் ஹைட்ராக்சைடு முழுவதையும் தீர்த்துக்கட்ட, பிஎச் 1.5 உள்ள இரைப்பை அமிலம் ஒரு மில்லி லிட்டர் போதும். கூடவே பைகார்பனேட் இருக்கிறதே என்பார்கள். நம் ஊர்க் கிணற்றிலும் இருக்கிறது, காசில்லாமல்.

இரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்பது நுரையீரலும் சிறுநீரகமும் பார்க்கும் வேலை. காகிதப் பட்டையில் சிறுநீர் நீலம் காட்டுகிறது என்று மகிழ்கிறார்களே, சிறுநீரகம் வேண்டாமென்று தள்ளியதைத்தான் அது காட்டுகிறது! அமெரிக்காவில் உடம்பைக் காரமாக்கும் இந்தக் கொள்கையைப் புத்தகம் போட்டுப் பரப்பிய ராபர்ட் யங், உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக 2016-இல் நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்றார். நம்மிடம் அந்தப் பெயர் வராமல் இயந்திரம் மட்டும் வந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் காரம்தான் வேண்டுமென்றால், ஒரு கிராம் ஆப்ப சோடா நடுநிலையாக்கும் அமிலத்தை அந்த 9.5 தண்ணீரின் ஹைட்ராக்சைடு நடுநிலையாக்க முந்நூறு லிட்டருக்கு மேல் வேண்டும். சோடாவைக் குடிக்கச் சொல்லவில்லை. இரத்த அழுத்தக்காரருக்கு அதன் சோடியம் ஆகாது. இயந்திரத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.