சென்னையில் ஒரு நாள்: வண்டி கிளம்புவதற்கு முன்னால்

மாற்று இதயம் பற்றிப் பேச்செடுத்தால் நம்மூரில் பாதிப்பேர் 'சென்னையில் ஒரு நாள்' (2013) படத்தைத்தான் சொல்வாங்க. மலையாள 'டிராஃபிக்' (2011) படத்தின் தமிழ் வடிவம். இரண்டுக்கும் விதை 2008 செப்டம்பரில் விழுந்தது. பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயம், போலீஸ் ரோட்டை ஒதுக்கிக் கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

அந்த 11 நிமிடத்தைப் படம் சென்னை–வேலூர் நெடுஞ்சாலை அளவுக்கு இழுத்துவிட்டது. சேரன் ஓட்டுகிற வண்டி ஸ்ரீபெரும்புதூர் வழியாகத்தான் போயாகணும். வடக்குப்பட்டு, ஒரகடம் ஆட்களுக்குப் பழகிய ரோடு. விறுவிறுப்புக்குக் குறையில்லை. ஆனா பார்த்து முடித்தவர் மனசுல நிற்பது, ரோடு காலியா இருந்தா உயிர் பிழைக்கும் என்பதுதான். என் சண்டை அதோடுதான்.

ஐஸில் வைத்த இதயத்துக்குச் சுமார் நாலு மணி நேரம்தான் கெடு. அதனால் ரோடு முக்கியம், சரி. ஆனால் தானம் கிடைக்கக்கூடிய இதயங்களில் பெரும்பாலானவை ரோட்டுக்கே வருவதில்லை. மூளை சாகும் நேரத்தில் உடம்பில் அட்ரினலின் வெள்ளமாய்ப் பாய்ந்து இதயத் தசையை அடிக்கிறது. அப்போது எக்கோ எடுத்தால் பம்பிங் குறைவாகத் தெரியும். 'இது தேறாது' என்று ஒதுக்கிவிட முடியும். ரத்த அழுத்தம், உப்பு, ஹார்மோன் எல்லாம் சரிசெய்து ஒரு நாள் கழித்துப் பார்த்தால் அதே இதயம் தேறியிருக்கலாம். ஐசியூவில் ராத்திரி முழுக்க ஒரு நர்ஸ் மருந்தின் அளவை ஏற்றி இறக்குவதை யார் படமெடுப்பார்கள்? இதயம் கிடைப்பதும் போவதும் அங்கேதான்.

அடுத்தது சம்மதம். படத்தில் இதயம் வேண்டியது பெரிய நடிகரின் மகளுக்கு. யாருக்கு என்று சொல்லியே பையனின் பெற்றோரிடம் கேட்கிறார்கள். இது எனக்கு உறுத்தியது. நிஜத்தில் உறுப்பு போவது காத்திருப்போர் பட்டியல்படி. கொடுக்கிற குடும்பத்திடம் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. 1994 சட்டப்படி மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்து உறுதிசெய்யணும். மாற்று அறுவை செய்யும் குழுவில் இருப்பவர் அந்த நால்வரில் இருக்கக்கூடாது. இந்த விதிகள்தான் குடும்பத்தின் நம்பிக்கைக்கு ஆதாரம். விஐபிக்காகப் பிடுங்குறாங்க என்ற சந்தேகம் ஒரு தடவை வந்துட்டா அடுத்த பத்து வீட்டில் கதவு மூடிக்கும்.

ஒரகடம் பக்கம் ஷிப்ட் முடிந்து வரும் பையன் அடிபட்டால், கையெழுத்துப் போட வேண்டிய அப்பா ஒடிசாவில் இருப்பார். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்கும் மகனை இறந்துவிட்டான் என்று போனில், அதுவும் ரூம்மேட் மொழிபெயர்ப்பில், எப்படிப் புரிய வைப்பது? விபத்து வழக்கு என்பதால் போலீஸ் அனுமதி, பிரேதப் பரிசோதனை ஏற்பாடு வேறு. அவருடைய மொழியில் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒரு ஒருங்கிணைப்பாளர், காலி ரோட்டைவிட அதிக இதயங்களைக் காப்பாற்றுவார் என்பது என் கணிப்பு.

ரோட்டு அவசரமேகூட மாறிக்கொண்டிருக்கிறது. 2014-இல் சிட்னியில், நின்றுபோன இதயத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் வெதுவெதுப்பான ரத்தம் ஓடவிட்டுத் துடிக்க வைத்துப் பொருத்திவிட்டார்கள். செலவு அதிகம், நம்மூரில் பரவலாக நாளாகும்.

படத்தில் எனக்குப் பிடித்தது ஜெயப்பிரகாஷும் லட்சுமி ராமகிருஷ்ணனும் மகனுக்காக ஆஸ்பத்திரியில் நிற்கும் காட்சிகள். நடுவழியில் வண்டி காணாமல் போகிற திருப்பத்துக்குச் செலவழித்த நேரத்தை அவங்க ரெண்டு பேருக்கும் கொடுத்திருக்கலாம்.