கடன் குறையாத தெரு

ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் கசுகாபே என்றொரு நகரம். தோக்கியோவுக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் நிறையப்பேர் குடியிருக்கும் புறநகர். அங்கே ஒரு தெருவில் மாடி வீடு, சுற்றுச்சுவர், ஒரு கார், ஒரு வெள்ளை நாய் என்று நோஹாரா குடும்பம் 1992 ஏப்ரலிலிருந்து தொலைக்காட்சியில் வாழ்ந்துவருகிறது. மகன் ஷின்சானுக்கு அன்றும் ஐந்து வயது, இன்றும் ஐந்து வயது. ஹங்காமா டிவி 2006இல் இந்த ‘ஷின்சான்’ கார்ட்டூன் தொடரைத் தமிழிலும் பேசவைத்தது. வேலூர் சத்துவாச்சாரியில் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது ஊர்த் தெருக்களில் இன்னொன்றாகிவிட்டது. பெற்றோர் புகார்களைத் தொடர்ந்து 2008இல் இந்தியாவில் தொடர் நிறுத்தப்பட்டது. பிறகு வெட்டுகளோடு திரும்பி வந்தது. அந்தச் சச்சரவு முழுக்க பையனின் வாய்த்துடுக்கைப் பற்றியது. அவன் குடியிருந்த தெரு பேச்சில் அடிபடவே இல்லை. எனக்கோ பையனைவிடத் தெருவே முக்கியமாகப் படுகிறது.

கேலித்தொடரில் வரும் ஒரு தெருவை எதை வைத்து மதிப்பிடுவது? அழகை வைத்து அல்ல. அந்த வீட்டுக்கு யார், எப்படிப் பணம் கட்டுகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரரின் கண் கதைக்குள் வேலை செய்கிறதா? அந்தத் தெருவுக்குள் யார் குடிவரலாம், யார் வரமுடியாது என்பது தொடருக்குத் தெரியுமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற தெருவே தெரு. மற்றதெல்லாம் பாத்திரங்களுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை.

முதல் கேள்வியில் கசுகாபே தெரு நன்றாகவே தேறுகிறது. வீட்டுக்கடன் இன்னும் 32 ஆண்டு பாக்கி என்பது அத்தொடரின் ஓயாத நகைச்சுவை. அப்பா ஹிரோஷி வடக்கே அகிதாவிலிருந்து பிழைக்க வந்தவர். அம்மா மிசாய் தெற்கே குமமோதோக்காரர். இருவருக்கும் அந்த ஊர் பூர்வீகம் இல்லை. வாங்கிய வீடுதான் அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. ஹிரோஷி ரயிலில் அலுவலகம் போய்த் திரும்புகிறார். மிசாய் தள்ளுபடி விற்பனையில் முண்டியடித்து மிச்சம் பிடித்து, பிடித்ததைத் தன் செலவுக்கே கரைக்கிறார். ஒரு கட்டத்தில் எரிவாயு வெடித்து வீடு தரைமட்டமாகிறது. குடும்பம் பழைய அடுக்குவீடு ஒன்றில் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போகிறது. அந்தக் கதை ஒரே வாரத்தில் முடியவில்லை. வீடு மறுபடி எழும்பும்வரை வாடகை வாழ்க்கையின் நெருக்கத்தைத் தொடர் பல வாரங்கள் காட்டியது. குழந்தைகள் கார்ட்டூன் என்று நாம் ஒதுக்கிவிட்ட ஒன்றில் தவணையும் வாடகையும் இவ்வளவு கனமாக வருவது சாதாரணமல்ல.

இதன் பக்கத்தில், உலகம் அதிகம் கொண்டாடும் அமெரிக்கத் தெருவை வைத்துப் பார்க்கலாம். 1989 டிசம்பரில் தொடங்கிய ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் ஹோமர் குடும்பம் இருப்பது எவர்கிரீன் டெரஸ், 742ஆம் எண். படைப்பாளி மேட் கிரேனிங் போர்ட்லேண்டில் வளர்ந்த தெருவின் பெயரே அது. பக்திமானான பக்கத்து வீட்டு நெட் ஃப்ளாண்டர்ஸைப்போல ஓர் அண்டைவீட்டுப் பாத்திரம் வேறு கார்ட்டூனில் அமைவது அரிது; இரண்டாம் கேள்வியில் எவர்கிரீன் டெரஸுக்கே முதலிடம். கசுகாபேயிலும் வம்பளக்கும் பக்கத்து வீட்டு அம்மாள் உண்டு, ஆனால் அவர் ஃப்ளாண்டர்ஸ் அளவுக்கு வளரவில்லை. பண விஷயத்தில் நிலை தலைகீழ். ஹோமரின் வீட்டுக்கு முன்பணம் அவருடைய தந்தை தன் வீட்டை விற்றுக் கொடுத்தது. அதைச் சொல்லிவிட்டுத் தொடர் நகர்ந்துவிடுகிறது. 1997இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஃபிராங்க் கிரைம்ஸ் என்ற சக ஊழியர் அந்த வீட்டைப் பார்த்து மலைத்துப்போகிறார். இரண்டு பௌலிங் கூடங்களுக்கு நடுவே ஒற்றை அறையில் இருப்பவர் அவர். சோம்பேறிக்கு மாளிகை, உழைப்பாளிக்கு ஒற்றை அறையா என்ற அவருடைய கேள்விக்குத் தொடர் விடை தரவில்லை. அவரைச் சாகடித்துவிட்டுச் சிரித்தது. நேர்மையான சிரிப்புதான். ஆனால் நிதிக்கணக்கை எப்போதாவதுதான் திறந்து பார்க்கிற தெரு அது. கசுகாபேயில் கணக்கு நோட்டு என்றும் மேசைமேலேயே கிடக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 32 ஆண்டு என்ற எண் மூன்று பத்தாண்டுகளாகக் குறையவே இல்லை. 1990களின் தொடக்கத்தில், நிலவிலைக் குமிழி உடைந்த ஜப்பானில், ஹிரோஷி கேலிக்குரிய சராசரி ஆள். சின்னப் பதவி, பெரிய கடன், நாறும் சாக்ஸ். இன்றோ ஒற்றைச் சம்பளத்தில் சொந்த வீடு, கார், இரண்டு பிள்ளைகள் என்று வாழும் அவரை ஜப்பானிய இளைஞர்கள் கொடுத்துவைத்தவர் என்கிறார்கள். ஒரு வசனம்கூட மாறாமலே தெருவின் பொருள் மாறிவிட்டது. சராசரி வாழ்வின் கேலியாக இருந்தது எட்டாத வாழ்வின் ஏக்கமாகிவிட்டது. எவர்கிரீன் டெரஸுக்கும் இதே கதிதான். காலம் உறைந்த தெரு கடைசியில் பொய் சொல்லத்தான் செய்யும் என்பார்கள் மறுப்பவர்கள்.

பாதி உண்மை. மீதிப் பாதிக்குத் தொடரே பதில் வைத்திருக்கிறது. 2001இல் கெய்ச்சி ஹாரா இயக்கிய ஷின்சான் திரைப்படத்தில் ஒரு கூட்டம் பெரியவர்களை எல்லாம் பழைய காலத்து வாசனையால் மயக்கிக் கூட்டிப்போகிறது. அவர்களுக்காகவே என்றும் அந்திப்பொழுதிலேயே நிற்கும் பழங்காலத் தெரு ஒன்றை அது கட்டி வைத்திருக்கிறது. ஹிரோஷியும் மயங்கிச் சிறுவனாகவே ஆகிவிடுகிறார். அவரை மீட்பது அவருடைய ஷூவின் நாற்றம். அதை முகர்ந்ததும் வேலை தேடி வந்தது, வெயிலில் அலைந்தது, கல்யாணம், பிள்ளை, வீடு எல்லாம் வரிசையாகத் திரும்பி வருகின்றன. உறைந்த தெருவில் வாழும் ஒரு தொடர், உறைந்த தெரு எவ்வளவு ஆபத்து என்று தானே சொன்ன இடம் இது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ தைத்து வாழும் வட்டாரத்துக்காரருக்கு, உழைத்த மனிதனின் வரலாறு அவன் ஷூவுக்குள் இருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்விதான் தெருவை வீழ்த்துகிறது. சத்துவாச்சாரியை உரைகல்லாக வைத்தால் வீழ்ச்சி தெளிவாகத் தெரியும். கலெக்டர் அலுவலகமும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையும் ஹவுசிங் போர்டின் பேஸ் ஒன்று, பேஸ் இரண்டு வீடுகளும் சேர்ந்து உருவான புறநகர் இது. தனி நகராட்சியாக இருந்து 2011இல் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. இங்கேயும் ஒதுக்கீடு, தவணை, சேல் டீடு என்று நோஹாரா வீட்டுக் கணக்குதான். ஆனால் இங்குள்ள தெரு உறைவதில்லை. தவணை முடிந்த வீட்டின்மேல் மாடி எழும்பும், மாடி போர்ஷன் வாடகைக்குப் போகும். டு-லெட் பலகை தொங்கியதும் அடுத்த கேள்வி வரும்: “நீங்க என்ன ஆளுங்க?” சைவமா, என்ன மதம், எங்கே வேலை, டேனரியிலா என்று விசாரணை நீளும். முஸ்லிம்களும் தலித்துகளும் தம் உழைப்பால் தூக்கி நிறுத்திய தோல் தொழில் வட்டாரத்தில் இந்தக் கேள்விகளுக்குக் கூடுதல் கூர்மை உண்டு. கசுகாபே தெருவில் யாரும் யாரையும் இப்படிக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஆளே அங்கே குடிவருவதில்லை. அதே சைத்தாமா மாகாணத்தின் கவாகுச்சியில் குர்து மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அந்த ஜப்பான் ஷின்சானின் தெருவரை வந்து சேரவில்லை.

இன்னொரு குறை பகல் நேரம். அத்தொடரில் பகலில் தெரு இல்லத்தரசிகளுடையது. நம் வட்டாரத்தில் ஷூ கம்பெனிகளின் தையல் வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். மிசாயின் சலிப்பை அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள், அவருடைய பகல்தூக்கத்தை அல்ல.

இந்தியக் கார்ட்டூன்கள் இந்த இடத்தை நிரப்பினவா? நிக் தொலைக்காட்சியில் 2012இல் தொடங்கிய ‘மோட்டு பட்லு’வின் ஃபுர்ஃபுரி நகரில் டீக்கடை உண்டு, சமோசா உண்டு, போலீஸ் உண்டு. வாடகை இல்லை, கடன்காரன் இல்லை, சாதி கேட்கும் வீட்டுக்காரர் இல்லை. மூல இந்தியில் இன்ஸ்பெக்டர் சிங்கத்துக்குத் தென்னிந்திய உச்சரிப்பை ஒட்டிவைத்துச் சிரிப்பு வாங்கியதுதான் அந்த ஊருக்குள் வந்த ‘வெளியூர்’. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988லேயே சொந்த வீட்டின் கணக்கைத் தமிழில் திரைக்குக் கொண்டுவந்தது. ஆகவே பொருளுக்குப் பஞ்சமில்லை. குழந்தைக்குக் கணக்கு புரியாது என்ற அலட்சியம்தான் தடை. ஷின்சான் பார்த்த பிள்ளைகளுக்கு அது புரிந்தது.

தீர்ப்பு இது. பணத்தைப் பேசுவதில் கசுகாபே தெரு மூன்றில் முதலாவது; அண்டைவீட்டுச் சித்திரத்தில் எவர்கிரீன் டெரஸுக்கு அடுத்தது; யாருக்குக் கதவு திறக்கும் என்பதில் மற்ற இரண்டையும்போல அதுவும் வாய்திறக்கவில்லை. உறைந்த காலம் என்ற குற்றச்சாட்டைப் பாதி ஏற்கிறேன்: தொடருக்கு அது தெரிந்தே இருந்தது என்பது தண்டனையைக் குறைக்கும், குற்றத்தை நீக்காது. கூட்டிக் கழித்தால் அது தெருவேதான், திரைச்சீலை அல்ல. பிள்ளைகள் அதைப் பார்ப்பதில் பிழையில்லை. மூன்றாவது கேள்வியை ஜப்பானியத் தொடர் நமக்காகக் கேட்கும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை. டு-லெட் பலகையை வைத்துச் சிரிக்கவைக்கும் கார்ட்டூனைத் தமிழில் எழுதி வரைய வேண்டியவர்கள் இங்கேயே ஏதோ ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார்கள்; அவர்களுக்குப் பணம் போடத் துணிகிற தயாரிப்பாளர் இன்னும் வரவில்லை.