காலச்சுழல் கதைகள்: எது மிஞ்சுகிறது என்னும் சிக்கல்

காலச்சுழல் கதை என்பது, கதைமாந்தர் ஒருவர் குறிப்பிட்ட ஒரு காலத்துண்டில் சிக்கிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாழ நேரும் புனைவு வகை ஆகும். 'டைம் லூப்' என்ற பெயரே பலருக்கும் பழக்கம். தமிழ்த் திரையில் 'ஜாங்கோ', 'மாநாடு' ஆகிய இரண்டும் 2021 நவம்பர் மாதத்திலேயே அடுத்தடுத்து வந்தன. இக்கதைகளில் நாள் ஏன் திரும்புகிறது என்பதையே வாசகர்கள் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதற்குக் கதாசிரியர் எந்தக் காரணத்தையும் சொல்லிவிடலாம், சொல்லாமலும் விடலாம். நாள் திரும்பும்போது எது அழிகிறது, எது மிஞ்சுகிறது என்பதே கடினமான கேள்வி. ஒரு காலச்சுழல் கதையின் தரத்தை இந்தக் கணக்கை வைத்தே மதிப்பிடலாம்.

இரு வகைகள்

ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் இக்கதைகள் இரு வகைப்படும். முதல் வகையில் எதுவும் அழிவதில்லை. விளைவே சுற்றி வந்து தன் காரணமாகிறது. ராபர்ட் ஹைன்லைன் 1959இல் வெளியிட்ட 'ஆல் யூ ஜாம்பீஸ்' சிறுகதையில் ஒரே ஆள் தனக்குத் தானே தாயாகவும் தந்தையாகவும் இருக்கிறார். கேட்பதற்கு அபத்தமாகத் தோன்றினாலும் இதில் முரண்பாடு இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முந்தைய காரணம் இருக்கிறது. சுழல் முழுவதற்கும்தான் தொடக்கம் இல்லை. மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1976இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவுபடுத்துகிறது: இத்தகைய சுழல் விளக்க முடியாதது, ஆனால் நடக்கவே முடியாதது அல்ல.

இரண்டாம் வகையில் நாள் அழிந்து மீண்டும் தொடங்குகிறது. ரிச்சர்ட் லூபாஃப் 1973இல் எழுதிய '12:01 பி.எம்.' சிறுகதையில் ஒருவருக்கு நண்பகலின் ஒரு மணி நேரம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. சிக்கல் மிகுந்தது இவ்வகையே.

துடைக்கப்படாத ஒரு வரி

ஹரால்ட் ராமிஸ் இயக்கிய 'கிரவுண்ட்ஹாக் டே' (1993) இவ்வகையின் புகழ்பெற்ற படம். வானிலை அறிவிப்பாளர் பில் கானர்ஸ், பென்சில்வேனியாவின் பங்சுடாவ்னி என்ற சிற்றூரில் பிப்ரவரி 2ஆம் நாளிலேயே மாட்டிக்கொள்கிறார். இறந்தாலும் காலை ஆறு மணிக்கு அதே படுக்கையில் காயமின்றி எழுகிறார். உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்பது இதன் பொருள். ஆனால் நேற்றைய நினைவு மட்டும் இருக்கிறது. நினைவு இருப்பது மூளையில். மூளையோ உடலின் பகுதி. கரும்பலகையை முழுவதும் துடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, ஓரத்தில் ஒரு வரியை மட்டும் விட்டுவைப்பது போன்றது இது.

பில் பியானோ கற்பதைப் பார்த்தால் சிக்கல் இன்னும் விளங்கும். இசைக்குறிப்பும் விரல் வைக்கும் முறையும் நினைவில் சேரலாம். விரல்களின் தசைகள் மட்டும் ஒவ்வொரு காலையும் முதல் நாள் மாணவரின் தசைகளே. படம் இதைப் பொருட்படுத்துவதில்லை. அப்படி விட்டதில் தவறும் இல்லை. நினைவு தவிர வேறெதுவும் மிஞ்சாது என்ற ஒரே விலக்கைத் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு இறுதிவரை அதை மீறாமல் நடக்கிறது. சுழலுக்குக் காரணம் எதுவும் சொல்லாததே படத்துக்கு வலிமை.

யாருக்கும் நினைவில்லாதபோது

நினைவையும் அழித்துவிட்டால் கதை நகருமா? 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொலைக்காட்சித் தொடரில் 1992இல் வந்த 'காஸ் அண்ட் எஃபெக்ட்' பகுதி இதைத் துணிந்து செய்து பார்த்தது. விண்கலம் மற்றொரு கலத்துடன் மோதி வெடிக்கிறது. பிறகு அதே நாள் தொடங்குகிறது. கலத்தில் ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை. 'இது முன்பே நடந்ததோ' என்ற மயக்கமும், இரவில் கேட்கும் தெளிவற்ற குரல்களும் மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும் தடயம்.

தாங்கள் சுழலில் இருப்பதை ஊகித்தவர்கள், அடுத்த சுற்றில் இருக்கப்போகும் தங்களுக்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முயல்கிறார்கள். போய்ச் சேருவது '3' என்ற ஓர் எண் மட்டும். மோதலைத் தவிர்க்க இரண்டு யோசனைகள் முன்வைக்கப்படும் கணத்தில், ஒரு யோசனையைச் சொன்ன அதிகாரி ரைக்கரின் கழுத்துப்பட்டையில் மூன்று பதவிக் குமிழ்கள் இருப்பதை எந்திர மனிதரான டேட்டா கவனிக்கிறார். அவர் சொன்னதைச் செய்ததும் கலம் தப்புகிறது. எது மிஞ்சியது என்ற கேள்விக்கு 'ஓர் இலக்கம்' என்று விடை சொல்லி, அதைக் கொண்டே முடிச்சை அவிழ்த்த இந்த ஒரு மணி நேரப் பகுதியின் தருக்க ஒழுங்கு பல பெரிய படங்களில் இல்லை.

இரத்தம் என்னும் இடறல்

ஹிரோஷி சகுராசாகாவின் ஜப்பானிய நாவலை ஒட்டி டக் லைமன் இயக்கிய 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' (2014) படத்தில், வேற்றுக்கோள் உயிரியின் இரத்தம் பட்டதால் நாயகனுக்குச் சுழலும் ஆற்றல் கிடைக்கிறது. பின்னர் வேறு இரத்தம் ஏற்றப்பட்டதும் அந்த ஆற்றல் போய்விடுகிறது. வெங்கட் பிரபு இயக்கிய 'மாநாடு' படத்திலும் நாயகன் அப்துல் காலிக்கின் இரத்தம் கலப்பதால் காவல் அதிகாரி தனுஷ்கோடியும் சுழலுக்குள் வருகிறார்.

இரண்டுக்கும் இடறல் ஒன்றே. இரத்தம் கலந்தது அந்த நாளுக்குள். நாள் தொடங்கிய இடத்துக்கே திரும்பினால், உடலும் இரத்தம் கலப்பதற்கு முந்தைய உடலாகத்தானே இருக்கும்? அப்படியானால் மிஞ்சுவது இரத்தம் அல்ல, இரத்தம் கலந்தது என்ற செய்தி மட்டுமே. அதை எது சுமந்து வருகிறது என்று இரு படங்களும் சொல்வதில்லை. 'மாநாடு' இதனுடன் உஜ்ஜயினி காலபைரவர் கோயிலில் பிறந்தவன் என்ற காரணத்தையும் நாயகனுக்குச் சேர்க்கிறது. அதை மட்டும் வைத்திருந்தால் தொன்மத்தின் தருக்கம் என்று ஏற்றுக்கொள்ளலாம். இரத்தத்தையும் சேர்த்ததால் எதை நம்புவது என்ற குழப்பமே எஞ்சுகிறது.

ஆயினும் இந்த ஓட்டை வழியேதான் படத்தின் சிறந்த பகுதி வருகிறது. நினைவுள்ளவர் ஒருவர் மட்டும் என்றால் மற்ற எல்லாரும் அவருக்குப் பொம்மைகள். எதிராளிக்கும் நினைவு வந்துவிட்டால் அது சதுரங்கம். காலிக் இறந்தால் நாள் திரும்பிவிடும் என்பதால், அவனைக் கொல்வது தனுஷ்கோடிக்கு வெற்றி ஆகாது. முதலமைச்சரைக் கொல்லும் சதி பலித்த நாளில் அவன் இறந்தால் பலித்ததும் அழியும். பகைவனின் உயிரைக் காக்க வேண்டிய நிலைக்கு வில்லன் தள்ளப்படுகிறான். எஸ். ஜே. சூர்யாவின் நடிப்பு எடுபடுவதற்கு இந்தத் தருக்கமும் ஒரு காரணம்.

கழிந்த நாட்களின் மனிதர்கள்

தோற்றுப்போன நாட்களில் இறந்தவர்கள் என்ன ஆனார்கள்? நாள் உண்மையிலேயே அழிகிறது என்றால் அவர்கள் இறக்கவே இல்லை. அழியவில்லை, நாயகன் மட்டும் வேறொரு கிளைக்கு நகர்கிறான் என்றால், அவன் விட்டுவந்த கிளைகளில் கொலையும் கலவரமும் அப்படியே நடந்துகொண்டிருக்கும். 'மாநாடு' இதைக் கேட்பதில்லை. நாயகனுக்குச் சாவு வெறும் மறுதொடக்கப் பொத்தானாகிவிடுவதால், பிறர் சாவின் கனமும் பாதியில் குறைந்துவிடுகிறது.

'கிரவுண்ட்ஹாக் டே' இந்தக் கேள்வியை ஓர் இடத்தில் தொடுகிறது. தெருவோரம் பிச்சையெடுக்கும் முதியவர் ஒருவர் அன்றிரவு இறந்துபோகிறார். பில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார், உணவு கொடுக்கிறார், மூச்சூட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் முதியவர் இறக்கிறார். எத்தனை முறை வாழ்ந்தாலும் அந்த நாளால் தர முடியாதது ஒன்று உண்டு என்பதைப் பில் அங்கேதான் அறிகிறார். கடைசிச் சுற்றில் மரத்திலிருந்து விழும் சிறுவனையும், தொண்டையில் உணவு சிக்கியவரையும் அவர் காப்பாற்றுவது காட்டப்படுகிறது. முதியவர் காட்டப்படுவதில்லை. பிப்ரவரி 3 விடிகிறது. சுழல் உடைந்துவிட்டதால் முந்தைய இரவின் அந்தச் சாவு இனித் திரும்பி அழியாது.