எந்தத் தண்ணீர்?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தைப் பார்க்கத் தடைக்காலத்தில்தான் போக வேண்டும் என்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுத் தச்சர்களான ஓடாவிகள் பலகை மாற்றுவதைக் கரையில் நின்று பார்ப்பவர்கள் உண்டு. என் கண் எஞ்சின் அறைக்குள் குந்தியிருக்கும் மெக்கானிக் மீதுதான். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அவரை அழைத்திருந்தால் எனக்கு அங்கிருந்து நகர மனம் வராது.

"அண்ணாச்சி, ஆயிலு மோரு மாதிரி ஆயிட்டு. ஹெட்டைக் கழத்திருவமா?" என்பார் படகோட்டும் டிரைவர்.

"அவசரப்படாதலே. ராத்திரி நிறுத்தும்போது ஆயில் மட்டம் எங்க இருந்துச்சு, காலையில எங்க இருக்கு? அத மொதல்ல சொல்லு."

கைதேர்ந்த மெக்கானிக்கை இந்தக் கேள்வியிலேயே கண்டுகொள்ளலாம். ஓடும் எஞ்சினில் கசிவு ஒரு பக்கம் போகும், நின்ற எஞ்சினில் மறுபக்கம் திரும்பும். ஆயில் கூலரை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சுவருக்கு ஒரு புறம் ஆயில், மறுபுறம் தண்ணீர். ஓடும்போது ஆயில் பிரஷர் மூன்று, நான்கு கிலோ இருக்கும். தண்ணீர் ஒரு கிலோவைத் தொட்டாலே அதிகம். சுவரில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் ஆயில்தான் தண்ணீருக்குள் பாயும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் பிரஷர் சட்டென்று விழுந்துவிடுகிறது. சூடான தண்ணீரோ மூடிய டேங்கில் இன்னும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதே ஓட்டை வழியாக இப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். ஆகவே தண்ணீர் டேங்கின் மூடியைத் திறந்து மேலே ஆயில் படலம் மிதக்கிறதா என்று பார்ப்பார். மிதந்து, காலையில் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் மட்டமும் ஏறியிருந்தால், ஹெட்டைத் தொடவே வேண்டாம். கூலரைக் கழற்றினால் போதும். ஒரு நாள் வேலையும் ஒரு கேஸ்கெட் செலவும் மிச்சம். இந்தத் தொடாமைதான் இந்தக் கலையின் உச்சம் என்று நான் நினைக்கிறேன்.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் அடையாளம் வேறு: எஞ்சின் ஓட ஓட டேங்கில் குமிழி வரும், வெள்ளைப் புகை கக்கும். படலமும் இல்லை, குமிழியும் இல்லை, மட்டம் மட்டும் ஏறுகிறது என்றால் லைனர் ஓ-ரிங் பக்கம் சந்தேகம் போகும். சம்ப்பை இறக்கி, அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, தண்ணீருக்கு அழுத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தாளில் எந்த இடத்தில் சொட்டு விழுகிறதோ அதற்கு மேலே இருக்கும் லைனர்தான் குற்றவாளி.

புகுந்தது டேங்குத் தண்ணீரா, அதைக் குளிர்விக்க பம்ப் இழுக்கும் கடல்தண்ணீரா? அதைச் சொல்வது நாக்கு. இனி அதற்கு வருவோம். இரவெல்லாம் அசையாமல் நின்ற எஞ்சினில் தண்ணீர் சம்ப்பின் அடியில் தங்கும். டிரெயின் போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் மெதுவாக நெகிழ்த்தினால் ஆயிலுக்கு முன் அதுதான் சொட்டும். அதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஒரு துளியை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். பச்சைக் கூலன்ட் ஊற்றிய எஞ்சினானால் நிறமே சொல்லிவிடும். அது நஞ்சு, நாக்குப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஆனால் பல படகுகளில் டேங்குக்குள் ஊற்றுவது குழாய்த் தண்ணீர்தான். தூத்துக்குடிக் குழாயில் வருவது வல்லநாட்டில் எடுக்கும் தாமிரபரணி, பழைய பெயரில் பொருநை. துளி கரித்தால் கடல், கரிக்காவிட்டால் பொருநை.

பொருநை கடலில் கலக்கும் புன்னைக்காயலில் இந்தச் சோதனை சில சமயம் கைவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கும்போது முகத்துவாரத்தில் வெளித்தண்ணீரே உப்பு குறைந்துதான் கிடக்கும். 2023 டிசம்பரில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டிய வெள்ளத்தில், ஆறு கடலைத் தள்ளிக்கொண்டு போனது. அப்படிப்பட்ட நாளில் துளியை ருசி பார்த்துப் பயனில்லை. பாட்டிலில் பிடித்துத் தெளிய வைத்தால், அடியில் படிவது செம்மண் வண்டலா, டேங்கின் துருவா என்பது தெரியும். நாக்கை எப்போது நம்பக்கூடாது என்று தெரிந்தவருடைய நாக்கைத்தான் நான் மதிக்கிறேன்.

கரித்தால் முதல் சந்தேகம் கடல்தண்ணீர் பம்ப். எஞ்சினோடு கியரில் பொருத்திய பம்புகளில், தண்ணீரைத் தடுக்கும் சீலுக்கும் ஆயிலைத் தடுக்கும் சீலுக்கும் நடுவே வெளியே பார்த்தபடி ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். சீல் தேய்ந்தால் தண்ணீர் அதன் வழியே சொட்டி எச்சரிக்கும். தடைக்காலத்தில் எஞ்சினுக்கு ஆசையாக அடிக்கும் பெயிண்ட் இந்தத் துளையையும் மூடிவிடும். பிறகு சொட்டுக்கு வெளியே வழி இல்லை. உள் சீலைத் தாண்டி கியருக்குள் போகும். மெக்கானிக் வளைத்த கம்பி நுனியால் அந்தப் பெயிண்டைச் சுரண்டி எடுக்கிறார். உடனே ஒரு துளி எட்டிப் பார்க்கிறது.

உப்புத் தண்ணீர் என்று தெரிந்த பிறகு அந்த நிதானத்தில் ஒரு துளிகூட மிச்சமில்லை. பேரிங்கும் கிராங்க்கும் துருப்பிடிக்க ஓர் இரவு போதும். பம்பைக் கழற்ற ஒருவன், ஆயிலை வடிக்க ஒருவன். ஃபில்டர் குப்பைக்குப் போகிறது. டீசல் விட்டு உள்ளே அலசி, புது ஆயில் ஊற்றி, எஞ்சினைக் கையால் சுற்றவிடுகிறார். சிறிது நேரம் ஓடவிட்டு அந்தப் புது ஆயிலையும் வடிக்கச் சொல்கிறார். ஆயில் விற்கும் விலையில் உரிமையாளரின் முகம் சுருங்கத்தான் செய்கிறது. மெக்கானிக் அதைக் கண்டுகொள்ளாமல் இரண்டாவது கேனைத் திறக்கிறார்.