வெயிலில் ஓடும் வீடு

எங்கள் வீட்டுக்கு மின்வாரிய இணைப்பு கிடையாது. இதைச் சொன்னதும் எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், தண்ணீர் மோட்டார், ராத்திரி முழுக்க மூன்று ஃபேன் எல்லாம் ஓடுகின்றன என்றால் நம்ப மறுக்கிறார்கள். வந்து பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுக்காத குறைதான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு இந்தக் கரண்டில்!

வீடு பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்புக்குள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் பகுதியில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. நாள்கணக்கில் இருட்டு. பிற்பாடு தோப்பில் வீடு கட்டியபோது, கம்பம் நட்டு லைன் இழுக்கிற பணத்தை மாடியிலேயே போட்டால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லலாம்.

மாடியில் ஆறு சோலார் பேனல், தலா 540 வாட். தெற்கு பார்த்து, 10 டிகிரி சாய்வில். எங்கள் ஊரின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுதான். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் தாராளமாக வரும். எங்களுக்கு 7 போதும். ஃபேன் எல்லாம் பிஎல்டிசி. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கிறது.

ஆனால் என் மனசைக் கொள்ளை கொண்டது பேட்டரிதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட்டாக 16 செல், மொத்தம் 51.2 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர். அதாவது 10 யூனிட்டுக்குச் சற்று மேல் உள்ளே நிற்கும். அம்மா வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வளர்ந்தவள் நான். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் அடிக்கடி இறக்கினால் சீக்கிரமே படுத்துவிடும். இது 80 சதவீதம் இறங்கினாலும் அசராது. தண்ணீரும் வேண்டாம், ஆசிட் வாடையும் இல்லை. இந்தப் பாஸ்பேட் ரசாயனத்தை 1990களில் பேட்டரிக்குக் கொண்டுவந்தது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் நடத்திய ஆய்வுக்குழு. லித்தியம் அயான் பேட்டரிகளுக்காக 2019இல் அவருக்கு நோபல் கிடைத்தபோது வயது 97. அந்தப் பெரியவருக்கு எங்கள் தோப்பிலிருந்து ஒரு கும்பிடு.

டவுனில் பேனல் போட்ட பலருக்கு ஒன்று தெரிவதில்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் இணைத்த அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 2024இல் வந்த மத்திய அரசின் சூரிய வீடு திட்ட மானியமும் லைனோடு இணைந்த கூரைகளுக்குத்தான். எங்களுக்கு அது கிடையாது. துளி வருத்தமும் கிடையாது.

பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை எங்கள் வீடு கல்யாண வீடுதான். “வெயில் ஏறிடுச்சும்மா, மாவை அரைச்சிடவா?” என்பார் அத்தை. திரையைப் பார்ப்பேன்: பேட்டரி 96 சதவீதம், பேனல் 2,400 வாட். “அரைங்க அத்தை, மோட்டாரையும் போட்டுடுங்க!” கிரைண்டர் சுற்றச் சுற்ற பேட்டரி எண் அசையாமல் நிற்பதைப் பார்க்கணுமே! ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தால் போதும், பேனல் எண் சட்டென்று 2,000க்கு இறங்கும். காக்கை எச்சமும் நிழல் மாதிரிதான். அதனால் காலையில் பேனல் சூடேறும் முன் தண்ணீர் ஊற்றி, அதை மெத்தென்ற துணியால் துடைப்பது என் வேலை. யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சித்திரை வெயிலில்தான் அதிகம் வரும் என்று நினைப்பார்கள். ஆனால் பேனல் சூடாகச் சூடாக அதன் திறன் குறையும். மாசியில், வானம் தெளிந்து காற்று இதமாக இருக்கும் நண்பகல்தான் அதற்கு உகந்தது. ஐப்பசி அடைமழையில் வரவு கால்வாசியாகும். அப்போது இஸ்திரிப் பெட்டியைத் தொட மாட்டோம். ஃப்ரிட்ஜும் விளக்கும் ஃபேனும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

இப்போது அத்தைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு ஆசை வந்திருக்கிறது. மத்தியானச் சோறும் குழம்பும் வெயிலிலேயே ஆகட்டும் என்கிறார். இன்னும் இரண்டு பேனல் வேண்டும். மாட்டுக் கொட்டகைக் கூரையை நேற்றே அளந்துவிட்டோம். தாராளமாக இடம் இருக்கிறது.