அலமாரிக்குள் ஒரு பச்சைக் கண்டு

பவளத் தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் மீன்களைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது கீழே, அலமாரிக்குள் இருக்கும், தொட்டி நீர் வந்துபோகும் சின்ன அறை. அங்கே கீட்டோமார்ஃபா என்ற பாசி, சிக்கெடுக்காத பச்சை நூல்கண்டு போல மெல்ல உருண்டுகொண்டிருக்கும்.

மீனுக்குப் போடும் தீனியோடு பாஸ்பேட் வருகிறது. அது மிஞ்சினால் பாறையெங்கும் முடிப்பாசி. பாறையும் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துப் பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் கசியவிடும். ஒரே நாளில் தீருகிற வேலையில்லை. இரும்பு ஆக்சைடு மணிகள் அதை வேகமாக உறிஞ்சும்தான். ஆனால் அளவு மீறிப் போட்டால் பாஸ்பேட் அறவே வற்றிப் பவளம் வெளிறிவிடும். அதற்கும் ஒரு துளி வேண்டுமே! கீட்டோ அவசரப்படுவதில்லை, வளர்கிற அளவுக்கே உண்ணும். மேலே விளக்கணைந்ததும் கீழே விளக்கெரியும். இரவெல்லாம் ஒளிச்சேர்க்கை நடப்பதால் நீரின் பிஹெச் சரிவதும் குறையும்.

ஞாயிறுதோறும் கைவிட்டு ஒரு பிடி பிய்த்தெடுப்பேன். சொட்டச் சொட்டக் கையில் கனப்பது, வாரமெல்லாம் நான் போட்ட தீனியின் மிச்சம். அதில் ஒட்டியிருக்கும் ஆம்பிபாடு என்ற கடுகளவு சிற்றுயிர்களைத் தொட்டிக்குள் உதறிவிடுவேன். பாறையிடுக்கிலிருந்து மாண்டரின் மீன் மெதுவாக எட்டிப் பார்க்கும்.