நடக்காமல் போன சரித்திரம்

'இப்படி நடந்திருந்தால்?' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு நாவல் எழுதுவது மேல்நாட்டில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயித்திருந்தால் என்று பிலிப் கே. டிக் 1962-ல் எழுதிய நாவல் பிரசித்தமானது. சீனக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு ஹாங்காங் அமைந்திருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்வதும் இந்த வகைதான். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. குவாங்சோவ்வான் துறைமுகத்தைப் பிரான்ஸ் 1898-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. இந்தோசீன நிர்வாகத்தோடு சேர்த்து ஆண்டது. 1945-ல் திருப்பிக் கொடுத்துவிட்டது. இன்று அந்த ஊருக்குச் சான்ஜியாங் என்று பெயர். குத்தகை கடைசிவரை ஓடியிருந்தால் 1997 ஆகியிருக்கும். கதாசிரியனுக்கு அந்த ஐம்பத்திரண்டு வருஷ இடைவெளி போதும்.

தமிழனுக்கு இதற்காகச் சீனா வரை போக வேண்டியதில்லை; புதுச்சேரி இருக்கிறது. 'டூப்ளே மட்டும் ஜெயித்திருந்தால் நாமெல்லாம் பிரெஞ்சு பேசிக்கொண்டிருப்போம்' என்று சொல்லாத காப்பிக் கிளப் உண்டா? ஆனால் அந்தப் பேச்சு வாசற்படி தாண்டிப் போவதில்லை. ஜெயித்த ஊர் எப்படியிருக்கும் என்று கேட்டால், கடற்கரை, வெள்ளைச் சுவர், நீண்ட ரொட்டி என்று மூன்று சாமானைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். சீனத் துறைமுகத்தைக் கற்பனை செய்கிறவர்களும் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அலங்காரம் இருக்கிறது, ஊர் இல்லை.

ஊர் எங்கே இருக்கிறது என்றால், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரை, நடுவே விட்டுப் போன பகுதிகள் தவிர, அவர் எழுதிக்கொண்டே போனார். கப்பல் வந்த நாள், பீரங்கி முழங்கின எண்ணிக்கை, துணிச் சரக்கின் விலை, யார் யாருக்கு எத்தனை நசர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் கிடக்கின்றன. இதைச் சரித்திர ஆதாரம் என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டோம். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். தமிழில் 'இப்படி நடந்திருந்தால்' என்ற வகையில் ஒரு பெரிய புத்தகம் உண்டென்றால் அது இதுதான்.

விளக்குகிறேன். 1746-ல் சென்னப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. 1748-ல் புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலேயர் திரும்பிப் போனார்கள். 1750 டிசம்பரில் நாசர் ஜங் கொல்லப்பட்டான். அந்தக் காலத்துக் குறிப்புகளில் டூப்ளேயின் ராஜ்யம் வரப்போகிற விஷயமாக இல்லை; வந்தே விட்டது. பிள்ளை அதற்குள் நடமாடுகிறார். அதில் வியாபாரக் கணக்குப் போடுகிறார். பிறகு அந்த ராஜ்யம் இல்லாமல் போயிற்று. நமக்குக் கற்பனையாகிவிட்டது அவருக்கு நேற்றைய தேதி. 1761 ஜனவரி 12-ல் அவர் கண்ணை மூடினார். சில நாளில் புதுச்சேரி சரணடைந்தது. முடிவு தெரியாமலேயே எழுதி முடித்த ஆசிரியர். எந்த நாவலாசிரியனுக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்காது.

வெற்றி பெற்ற அந்த ஊர் இனிப்பாகவும் இல்லை. 1748-ல் முற்றுகையைச் சாக்கிட்டு வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். டூப்ளேக்குத் துபாஷியாக இருந்துகொண்டே பிள்ளை அதைப் பார்த்து எழுதுகிறார். பிரெஞ்சுத் தமிழ்நாட்டை நினைத்து ஏங்குகிறவர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை படிக்க வேண்டும்.

இந்த நாட்குறிப்பிலிருந்துதான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களை எடுத்தார். பின்னதற்கு 1995-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அரண்மனையைவிட்டு வீதிக்கு வந்த சரித்திர நாவல்கள் அவை. எளிய மனிதர்களிடம் அவருக்கிருந்த பரிவு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனாலும் ஒரு குறை எனக்குப் படுகிறது. டூப்ளே விழப்போகிறான் என்று ஆசிரியருக்குத் தெரியும். அந்தத் தெரிதல் நடையில் கசிகிறது. மூலத்தில் அந்தக் கசிவு கிடையாது. பிள்ளை பயப்படும்போது நமக்கும் பயமாக இருக்கிறது.

சரி, எந்த இடத்தில் அந்த ராஜ்யம் திசை திரும்பியது? எல்லோரும் ஆற்காட்டையும் ஸ்ரீரங்கத்தையும் சொல்வார்கள். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னைச் சாலையோரம், ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது; பக்கத்தில் வாலிகண்டபுரம். சரித்திர நாவலுக்கு ஊர் தேடுகிற நம்மவர்கள் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சோழன் சிக்கியபின் கில்லேதாரை யார் சீந்துவார்கள்!

ஆனால் விஷயம் கில்லேதாரிடம் இருக்கிறது. 1751-ல் முகம்மது அலி பக்கத்து ஆங்கிலப் படையும் சந்தா சாகிபுவின் பிரெஞ்சுப் படையும் வாலிகண்டபுரத்தை நெருங்கின. கோட்டைக்காரன் இரண்டு பக்கமும் பேரம் பேசி நாளைக் கடத்தினான். கடைசியில் சண்டை மூண்டபோது ஆங்கிலச் சிப்பாய்கள் கலவரப்பட்டு ஓடி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். கிளைவும் அந்தப் படையோடு இருந்தவர்தான். அடுத்த வருஷம் கதை தலைகீழ். ஸ்ரீரங்கத்தில் சிக்கிக்கொண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியாகக் கிளம்பிய தோத்தேய், கிளைவு துரத்த, அதே வாலிகண்டபுரத்துக்கு ஓடிவந்தார். கோட்டைக்காரன் உள்ளே விட மறுத்துவிட்டான். 1752 ஜூனில் தோத்தேய் சரணடைந்தார். சில தினங்களில் ஸ்ரீரங்கமும் விழுந்தது. சந்தா சாகிபு தலையிழந்தான். டூப்ளேயை 1754-ல் பிரான்ஸ் திருப்பி அழைத்துக்கொண்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் அதற்குப் பிறகும் 1954 நவம்பர் 1 வரை நீடித்தது உண்மைதான். ஆனால் அது வேறு ஊர், சின்ன ஊர். டூப்ளே கனவு கண்ட ஊர் ரஞ்சன்குடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

நமக்கு இப்படியொரு நாவல் எழுத யாராவது முன்வந்தால், அவர் டூப்ளேயையும் கிளைவையும் கொஞ்சம் ஒதுக்கிவைக்கட்டும். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரியாமல், இரண்டு வருஷம் இரண்டு கொடியையும் பார்த்துக்கொண்டு மதில்மேல் நின்றவனிடம் போகட்டும். அன்றிரவு அவன் சாவியை யாரிடம் கொடுத்து வைத்திருந்தான் என்பதிலிருந்து முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.